இசக்கிமுத்துவுக்குச் சரியாக வருகிறது

யுத்த காலத்தில் சென்னைப் பட்டணத்தில் அரிசி கிடைப்பது கஷ்டமாக இருந்தது. ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. முதல் கஷ்டத்துக்கு ஜப்பான்காரனைக் குற்றம் சொன்னார்கள். இரண்டாவது கஷ்டத்தை ஒழுங்காக நடத்துவதற்காகத் தியாகராய நகர் உஸ்மான் ரோட்டில் தனியாக ஓர் ஆபீசே திறந்தார்கள்.

ஆபீசின் பெயர் பங்கீட்டு இயந்திர விதி ஆபீஸ். குண்டு விழும் என்று பயந்து மாயவரம் பக்கம் போய்த் திரும்பியே வராத ஒரு வக்கீலின் பங்களாவில் அது இருந்தது. கூடத்தில் சீமையிலிருந்து வந்த கணக்கியந்திரம். ஊரிலுள்ள ஒவ்வொரு ரேஷன் கார்டுக்கும் அங்கே ஓர் அட்டை உண்டு, அட்டையில் ஓட்டைகள் உண்டு. ஓட்டை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்து, இன்ன வீட்டுக்கு இவ்வளவு அரிசி என்று இயந்திரம் தாளில் அடித்துத் தள்ளும். கடைக்காரர் அந்தத் தாளைப் பார்த்து அளந்து போடுவார்.

இயந்திரத்துக்குச் சொந்தப் புத்தி கிடையாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஆபீசில் அந்த உண்மையை மறைக்காமல் இருந்தது அது ஒன்றுதான். ஒவ்வொரு காரியத்தையும் அதற்கு வரி வரியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ‘ஆள் இருந்தால் அரிசி போடு. இல்லாவிட்டால் அடுத்த வரிக்குப் போ.’ இந்த மாதிரி. அப்படிப்பட்ட வரிகளை எழுதுவதற்குத்தான் ஆபீஸ் ஏற்பட்டது. எழுதுவதென்றால் யோசிக்க வேண்டும். விசேஷ அதிகாரி வெள்ளைத்துரை பி.ஏ. அவர்கள், திருநெல்வேலியிலிருந்து வந்து பொறுப்பேற்ற அன்றே அந்தத் தொல்லையை ஒழித்துக் கட்டினார்.

“நண்பர்களே!” என்று திறப்பு விழாவில் அவர் பேசினார். “உலகத்தில் யோசிக்க வேண்டியதையெல்லாம் யாரோ ஏற்கெனவே யோசித்து முடித்துவிட்டார்கள். மறுபடியும் யோசிப்பது சர்க்காருடைய நேரத்தைத் திருடுவதாகும். இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் ஒரு விதிகூடச் சொந்தமாக எழுதியதில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். பிறர் எழுதியதை வெட்டுங்கள். நம் இடத்தில் ஒட்டுங்கள். ஒட்டியது எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் ஆராயாதீர்கள். ஆராய்ந்தால் நின்றுவிடும்!”

பலத்த கைதட்டல். மறுநாளே துறைமுகம், ஆஸ்பத்திரி, மிருகக் காட்சிச்சாலை, பட்டாளத்துக் குதிரை லாயம், ஜெயில் ஆகிய இடங்களிலிருந்து விதிப் புத்தகங்கள் வண்டியில் வந்து இறங்கின. அவற்றை வெட்டும் பொறுப்பு தலைமைக் குமாஸ்தா பஞ்சாபகேசனுடையது. மயிலாப்பூர் வாசி, பொடிமட்டையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்திருப்பார். வெட்டிய பகுதிக்குத் ‘துணுக்கு’ என்று பெயர். துணுக்குகளைப் பெரிய கோப்புகளில் ஒட்டுவார். அதைப் பார்த்துத் தங்கபுஷ்பம் என்ற பெண் அட்டையில் ஓட்டை போடுவாள். இந்த முறையின் மகிமை மற்ற ஊர்களுக்கும் தெரிய வேண்டாமா? அதற்காக மாதாமாதம் ‘செய்முறைத் துணுக்குகள்’ என்று ஒரு பத்திரிகை அச்சாகி, எல்லா ஆபீசுகளுக்கும் போயிற்று. அதில் அதிகாரியே ஆலோசனைகள் எழுதினார்:

‘ஒரு விதி புரியவில்லையென்றால் அதை எடுத்துவிட வேண்டாம். அதன் மேல் இன்னொன்றை ஒட்டவும்.’

‘இரண்டு விதிகள் முரண்பட்டால் எது தடித்த எழுத்தில் இருக்கிறதோ அதுவே சரி.’

‘பிழை என்று யாராவது காட்டினால், அது நேற்றும் இருந்ததா என்று பார்க்கவும். நேற்றும் இருந்திருந்தால் அது பிழையல்ல, வழக்கம்.’

ஒட்டுவதற்குப் பசை வேண்டும். மைதா கண்ணில் படாத காலம் அது. அதனால் பியூன் பொன்னுரங்கம் பின்கட்டில் அடுப்பு மூட்டி, அரிசியைக் குழையக் காய்ச்சித்தான் பசை எடுத்தார். அரிசிப் பசையின் வாசனைக்குக் கரப்பான் பூச்சிகள் வந்தன. வந்தவை அட்டைகளையும் கடித்தன. பூச்சி போட்ட ஓட்டைக்கும் தங்கபுஷ்பம் போட்ட ஓட்டைக்கும் இயந்திரம் பேதம் பார்ப்பதில்லை. அடையாற்றில் ஒரு பிரம்மச்சாரிக்கு மூன்று மாமியார்கள் ஏற்பட்டார்கள். அபிராமபுரத்தில் ரிட்டயரான ஒரு ஜட்ஜுக்குக் கர்ப்பிணிகளுக்கான சர்க்கரை கிடைத்து வந்தது. அவர் புகார் செய்யவில்லை.

ஒட்டுகிற துணுக்கு சரிதானா என்று சோதித்துப் பார்க்கவும் ஏற்பாடு இருந்தது. அதற்காக ஒரு குடிமகனை அதிகாரி சிருஷ்டித்திருந்தார். பெயர் இசக்கிமுத்து. கல்யாணம் ஆகாதவன். தாய் தகப்பன் இல்லை. வீடு மாற மாட்டான், காய்ச்சலில் படுக்க மாட்டான், விருந்தாளி வர மாட்டார்கள். எந்தப் புதுத் துணுக்கையும் முதலில் அவனுடைய அட்டையை வைத்து இயந்திரத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். அவனுக்கு அரிசி வந்துவிட்டால் ஊர் முழுவதற்கும் அமல். அவனுக்கு எப்போதும் வந்தது.

இப்போது மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்கு வருவோம். அங்கே குலாம் ரசூல் என்பவர் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷர். ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சுவரில் ஒட்டியிருக்கும் சர்க்கார் அறிவிப்புகளைப் படிப்பார், படித்ததோடு நில்லாமல் அதன்படி நடப்பார். ‘குடும்பத்தில் எவரேனும் பட்டணத்தை விட்டு வெளியே சென்றால் விதி ஆபீசில் தெரிவிக்கவும்’ என்று ரேஷன் கடையில் ஒட்டியிருந்தது. ஊரில் ஒருவரும் அதைச் சட்டை செய்யவில்லை. குலாம் ரசூலின் மனைவி ஜஹீதா தலைப்பிரசவத்துக்காகச் சைதாப்பேட்டையில் தாய் வீட்டுக்குப் போனாள். அன்றைக்குச் சைதாப்பேட்டை பட்டணத்துக் கணக்கில் சேராத இடம். உடனே இவர் சைக்கிளில் ஏறி உஸ்மான் ரோட்டுக்குப் போய்விட்டார்.

“சார், என் சம்சாரம் அம்மா வூட்டுக்குப் போயிக்கீறா. பிரசவத்துக்கு. நோட்டீஸ்ல சொல்லச் சொல்லிக் கீது, அதான் வந்தேன்.”

பஞ்சாபகேசன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “பிரசவத்துக்குப் போறதா? அப்படி ஒரு துணுக்கு நம்மகிட்ட இல்லையே ஓய்.”

“ஊர்ல அல்லாப் பொம்பளைங்களும் போறாங்களே சார்.”

“போவா. எங்காத்துலயே போயிருக்கா. ஆனா ஒருத்தரும் இங்க வந்து சொன்னதில்லை. உமக்கு என்ன வந்தது?”

சொன்ன பிறகு ஏதாவது செய்தாக வேண்டும். கோப்பைப் பிரித்தார். ‘வெளியே போதல்’ என்ற இடத்தில், ‘திரும்பி வருதல் என்பதைப் பார்க்கவும்’ என்று இருந்தது. ‘திரும்பி வருதல்’ என்ற இடத்தில், ‘வெளியே போதல் என்பதைப் பார்க்கவும்’ என்று இருந்தது. அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் சலிப்பே இல்லை. காபி வந்திருக்காவிட்டால் இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். டம்ளர் வைப்பதற்காகக் கோப்பை மூட வேண்டியிருந்தது. மறுபடி திறந்தபோது வேறு பக்கம் விழுந்தது. ஜெயிலிலிருந்து வெட்டியது:

‘காலை எண்ணிக்கையில் ஆள் குறைந்தால்: தப்பியோடியதாகக் குறி. அவருடைய பங்கை நிறுத்து. பிடிபட்டால்: இரண்டு காவலர் துணையுடன் கால்நடையாக அழைத்து வந்து நேரில் காட்டு. காட்டிய பிறகு பங்கைத் திருப்பிக் கொடு.’

“எண்ணிக்கையில ஆள் குறையறதோல்லியோ? பேஷாப் பொருந்தறது” என்று சொல்லிப் பசையைத் தடவினார். இசக்கிமுத்துவின் அட்டையில் ஓட்டிப் பார்த்தார்கள். அவன் எங்கேயும் போகாதவனாகையால் அவனுக்கு அரிசி வந்தது. கடமையைச் செய்த திருப்தியோடு குலாம் ரசூல் சலாம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

சைதாப்பேட்டையில் ஜஹீதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத் தீட்டு நாற்பது நாளும் கழிந்தது. ஜஹீதாவின் தாயார் அஸ்மத்துன்னிசா கணவரை இழந்தவர். அங்கேயும் ரேஷன்தான், அவருக்குக் கிடைப்பது ஒற்றை ஆள் அரிசி. அதை மகளுக்கு வடித்துப் போட்டுவிட்டு அவர் கஞ்சித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். இது ஜஹீதாவுக்கு ஒருநாள் தெரிந்துவிட்டது.

“ஏங்க, அம்மா சாப்ட்டேன் சாப்ட்டேன்னு பொய் சொல்லிக்கினு கீறாங்க. அவங்க பட்டினி கெடந்து நான் சாப்பிடணுமா? எனக்கும் பால் பத்தல, புள்ள அழுதுக்கினே கீது. என்ன நம்ம வூட்டுக்குக் கூட்டிக்கினு போயிடுங்க” என்று பார்க்க வந்த புருஷனிடம் சொல்லி அழுதாள்.

கூட்டிவருவதில் கஷ்டமில்லை. வந்தால் அவளுக்குச் சோறு வேண்டும். கறுப்புச் சந்தையில் வாங்குவதானால் சைக்கிள்களை விற்க வேண்டும். ஆகவே அவளுடைய பங்கை மறுபடி கேட்டு வாங்க அவர் ரேஷன் கடைக்குப் போனார். கடைக்காரர் அன்றுதான் இயந்திரத் தாளை ஊன்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “பாய், உங்க வூட்டம்மா பேருக்கு நேரா ‘தப்பியோடியவர்’னு கீதே.”

வரிசையில் ஒரே அனுதாபம். பின்னால் நின்ற ஒருவர் தோளைத் தொட்டு, “யார் கூட பாய்?” என்று விசாரித்தார். சாயங்காலத்துக்குள் கச்சேரி ரோட்டில் அதற்கு இரண்டு மூன்று விதமான விடைகள் உலாவின. குலாம் ரசூலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் பஞ்சாபகேசன் முன்னால் போய் நின்றார்.

“தப்பியோடியவர்ங்கறதுக்கெல்லாம் மனசுல ஒண்ணும் வெச்சுக்கப்படாது ஓய். அது இயந்திரத்துக்குச் சொல்ற வார்த்தை.”

“அவ ஓடல சார்! நான்தான் ஜட்கா பேசி ஏத்தி அனுப்பிச்சேன்.”

“ஐயையோ, அதை வெளில சொல்லாதேயும். தப்பிக்க ஒத்தாசை பண்ணினதா ஆயிடும்.”

“சரி சார், இப்ப திரும்பி வரா. அவ பேரைப் போட்டுக் குடுங்க.”

“பிடிபட்டாளா?”

“சார்?”

“பிடிபடாம எப்படித் திரும்பி வருவா? பிடிச்சு, ரெண்டு போலீஸ்காராளோட நடத்திக் கூட்டிண்டு வந்து காட்டணும்னு போட்டிருக்கே. நானா சொல்றேன்? துணுக்கு சொல்றது.”

குலாம் ரசூல் தலையைப் பிடித்துக்கொண்டார். குழந்தையையாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். பிறப்புக்கான ஆஸ்பத்திரித் துணுக்கைக் கரப்பான் தின்றிருந்தது. அதற்கு மிக நெருங்கியதாக இருந்தது குதிரை லாயத்துத் துணுக்கு. பஞ்சாபகேசன் பேனாவை எடுத்தார்.

“நிறம்?”

“மாநிறம் சார்.”

“நெத்தியில வெள்ளைச் சுட்டி உண்டா?”

“இல்ல சார். கன்னத்துல மை வெச்சிருக்கோம்.”

“நாலு காலும் ஒரே நிறமா?”

“சார், அது கொழந்த சார்!”

“கத்தாதேயும். ரெண்டு கால்னு எழுதிக்கறேன். பாக்கி ரெண்டைப் பத்தி மேலிடத்துக்கு எழுதிக் கேட்டுடலாம். பால் மறந்தப்புறம் கொள்ளு அலாட்மெண்ட் வரும். அதுவரைக்கும் ஒண்ணும் கிடையாது.”

இவ்வளவோடு விட்டிருந்தால்கூடப் போகிறது என்று இருந்திருக்கலாம். ஆனால் ஒட்டியவை சும்மா இருப்பதில்லை. அடுத்த தடவை ரேஷன் கடைக்குப் போனபோது குலாம் ரசூலுடைய சொந்தப் பங்கும் நின்றிருந்தது. இயந்திரம் தன் வழியில் மெதுவாக, ஆனால் சரியாகத்தான் போயிருந்தது. ஆள் தப்பியோடிய இடம் ஜெயில். ஆகவே கச்சேரி ரோட்டு வீடு ஒரு ஜெயில். ஜெயிலில் மிச்சமிருக்கும் ஒரே ஆள் அதன் சூப்பிரண்டு. கைதியைத் தப்பவிட்ட சூப்பிரண்டின் பங்கு, விசாரணை முடியும் வரை நிறுத்தப்படும். தாளில் எல்லாம் தெளிவாக அடித்திருந்தது.

இரண்டு நாள் அவர் டீயும் பொரியுமாக ஓட்டினார். பிறகு பஞ்சாபகேசனைத் தாண்டி விசேஷ அதிகாரியின் அறைக்குள்ளேயே நுழைந்துவிட்டார். வெள்ளைத்துரை அடுத்த பத்திரிகைக்கு ஆலோசனை எழுதிக்கொண்டிருந்தார். கோபிக்கவில்லை. கதையை முழுக்கக் கேட்டார்.

“உம்ம கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு பாரும். இதே துணுக்குத்தான் இசக்கிமுத்துவுக்கும். அவனுக்குச் சரியா வருதே!”

“யாருங்க சார் அந்த இசக்கிமுத்து? நான் அவராண்ட பேசுறேன்.”

“அப்படி ஒருத்தன் கிடையாது. அதனாலதான் அவன்கிட்டேருந்து ஒரு புகார்கூட வந்ததில்ல. குடிமகன்னா அப்படி இருக்கணும். நீங்க எல்லாம் கல்யாணம் பண்ணுதீங்க, பிள்ள பெறுதீங்க, தாய் வீட்டுக்குப் போறீங்க, பெறவு ஆபீஸ் சரியில்லங்கறீங்க.”

“சார், ஒரே ஒரு காயிதத்தப் பிச்சு எடுத்துட்டா போதும் சார். அந்த ஜெயில் துணுக்க.”

வெள்ளைத்துரை முதல் தடவையாகப் பயந்துபோனார். “பிய்க்கவா? என்னய்யா பேசுதீரு! அதுக்கு மேல வேற என்னெல்லாமோ ஒட்டியிருக்கு. அதைப் பிய்ச்சா எது எது கூட வரும்னு இங்க யாருக்கும் தெரியாது. அடையாறு பூராவும் அதுமேலதான் நிக்குன்னு பஞ்சாபகேசன் சந்தேகப்படுதார். உம்ம ஒருத்தர் சோத்துக்காக அடையாறைக் கவுக்கச் சொல்லுதீரா?”

குலாம் ரசூல் பின்கட்டு வழியாக வெளியே வந்தார். அங்கே அடுப்பில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. பொன்னுரங்கம் கரண்டியால் மசித்துக்கொண்டிருந்தார். பட்டினி வயிற்றில் அந்த வாசனை போய் இறங்கியது.

“இன்னாது பொன்னுரங்கம் இது?”

“பசை நைனா. இசக்கிமுத்து பங்கு அரிசி வாராவாரம் வருதில்ல? ஆள் இல்லாத ஆளு, அவன் எங்க துன்னப் போறான்? அத்தத்தான் காய்ச்சுறோம். இன்னா நைனா, ஒரு மாதிரி கீற? குந்து, குந்து.”

குலாம் ரசூல் உட்காரவில்லை. அந்தச் சட்டியைக் காலால் எட்டி உதைக்க வேண்டும் போல இருந்தது. அரிசியை உதைக்க மனம் வரவில்லை. மாமியார் கஞ்சித் தண்ணீர் குடிப்பதும், மகள் பாலுக்கு அழுவதும், இங்கே பிறக்காத ஒருவனுடைய சோறு காகிதத்துக்குப் போவதும் சேர்ந்து கண் முன்னால் நின்றன. ஒரு முடிவுக்கு வந்தார். துணுக்கு என்ன கேட்கிறதோ அதைக் கொடுத்துத் தொலைத்துவிடுவது என்பதுதான் அது.

அவருடைய கடையில் வழக்கமாகச் சைக்கிள் எடுக்கும் கான்ஸ்டபிள்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நரைத்த மீசைக்காரர். மற்றவர் புதிதாகச் சேர்ந்த இளைஞர். விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் மூவருமாகச் சைதாப்பேட்டைக்குப் போனார்கள்.

வாசலில் போலீஸ் தலைப்பாகைகளைப் பார்த்ததும் ஜஹீதாவின் முகம் வெளுத்துவிட்டது. “நான் இன்னாங்க திருடுனேன்?”

“ஒண்ணும் இல்ல ஜஹீதா. கார்டுக்காவ. மாம்பலம் வரைக்கும் நடந்துட்டா முடிஞ்சுது.”

“கோச்சுக்காத தங்கச்சி. எங்க வூட்டுப் பொண்ணா நெனச்சுத்தான் வந்துக்கீறோம்” என்றார் மீசைக்காரர்.

 அவள் புர்காவைப் போட்டுக்கொண்டு, குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். கான்ஸ்டபிள்கள் ஆளுக்கொரு பக்கமாக நடந்தார்கள். குலாம் ரசூல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார். அஸ்மத்துன்னிசா வாசலில் நின்று, “பெத்தவ வூட்டுக்கு வந்ததுக்கு இதுவா? என் பொண்ணு இன்னா பண்ணா? யாராச்சும் சொல்லுங்களேன்” என்று கதறினார். அதோடு நிற்காமல் செருப்பில்லாமல் கடைத்தெரு வரைக்கும் கூடவே ஓடிவந்தார். அவர் அழுத அழுகையில்தான் ஜனங்கள் கூடினார்கள்.

கூட்டம் கூடினால் காரணம் தானாகப் பிறந்துவிடும். இரண்டு பக்கமும் போலீஸ், நடுவில் புர்கா, கையில் மூடிய குழந்தை, பின்னால் அழுகிற கிழவி. “புள்ள புடிக்கிறவடா!” என்றான் ஒருவன். “அதோ அந்தக் கெழவியோட பேரப்புள்ளையாம்” என்றாள் இன்னொருத்தி. ஒரு பெண் ஓடிவந்து ஜஹீதாவின் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கப் பார்த்தாள். இளைய கான்ஸ்டபிள் அவளை விலக்கினார். ஜஹீதா தன் குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அது வீறிட்டு அழுதது. பெற்றவளிடம் இருக்கும் குழந்தை இப்படியா அழும் என்று கேட்டார்கள். குலாம் ரசூல், “அது என் கொழந்த, என் சம்சாரம்” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வந்தார். ரயில் கேட்டைத் தாண்டும் வரை ஒருவரும் நம்பவில்லை.

உஸ்மான் ரோட்டில் விசேஷ அதிகாரியே வெளியில் வந்து வரவேற்றார். அவருக்குக் கண்ணில் நீர் தளும்பியது. ஆபீஸ் திறந்த நாளிலிருந்து, இசக்கிமுத்துவைத் தவிர வேறோர் ஆளுக்கு ஒரு துணுக்கு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சரியாக நடந்தது இதுதான் முதல் தடவை.

“எல்லாரும் வாங்க! பாருங்க! தப்பியோடினாங்க, குறிச்சோம். பிடிபட்டாங்க, நடத்திக் கூட்டி வந்தாச்சு. காட்டியாச்சு. பங்கு திரும்பக் கொடுக்கப்படுது. எங்கேயாவது தட்டிச்சா? நம்ம முறையில குத்தம் சொன்னவங்க எங்க?” பஞ்சாபகேசனும் மற்றவர்களும் கைதட்டினார்கள். ஜஹீதா புர்காவுக்குள் அப்படியே நின்றாள். தங்கபுஷ்பம் மாத்திரம் தட்டவில்லை. அட்டையில் ஓட்டை போட்டு எடுத்து வந்து, “பிள்ளைக்குப் பசிக்கும்போல இருக்கு. உள்ள வந்து உக்காந்து பால் கொடுங்க அக்கா” என்றாள்.

கைதி பிடிபட்டதால் சூப்பிரண்டின் விசாரணையும் முடிந்தது. அந்த வாரமே புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் அரிசி வந்தது. குலாம் ரசூல் சோற்றைப் பார்த்து அழுதார். ஜஹீதா அழவில்லை. 

அடுத்த மாதத்துச் ‘செய்முறைத் துணுக்குகள்’ முதல் பக்கத்தில், ‘பிரசவத்துக்குச் சென்று திரும்பும் ஸ்திரீகள்: நேரில் சோதித்து வெற்றி கண்ட முறை’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வந்தது. மயிலாப்பூர் குடிமகன் ஒருவர் மனமுவந்து ஒத்துழைத்ததாக நன்றியும் தெரிவித்திருந்தார்கள். அதை வெட்டி ஒட்டாத ஆபீஸ் இல்லை. பட்டணத்துக்கு வெளியே தாய் வீடு இருக்கும் பெண்கள் எல்லோருக்கும் அது சட்டமாகிவிட்டது. போலீஸ் ஸ்டேஷன்களில் பிரசவ டியூட்டி என்று தனியாகப் போட்டார்கள். உஸ்மான் ரோட்டில் காலை வேளைகளில் கைக்குழந்தைகளோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு இரண்டு கான்ஸ்டபிள்கள். குலாம் ரசூல் ஒருநாள் அந்தப் பக்கம் போனவர், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஆபீசுக்குத் துணுக்கு எழுதிக் கொடுத்தவர் தாம்தான் என்ற நினைப்பு அவரைச் சாப்பிட விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துச் சந்திலிருந்து முத்துலட்சுமி என்ற பெண் ஜஹீதாவைத் தேடிக்கொண்டு வந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. குலாம் ரசூல் வாசலில் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, நாளன்னிக்கு அம்மா வூட்டுக்குப் போறேன், பல்லாவரம். திரும்பி வரச்சே போலீசோட நடக்கணுமாமே. உனக்குத்தான் அதெல்லாம் தெரியும்னாங்க. பயமா கீதுக்கா.”

குலாம் ரசூலின் கை நின்றுவிட்டது. ஜஹீதா கத்தப் போகிறாள், அல்லது உடைந்து அழப் போகிறாள் என்று எண்ணினார். அப்படி நடந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“நரச்ச மீசக்காரர் ஒருத்தர் கீறாரு, அவரக் கேளு. மெதுவா நடப்பாரு. ஒருத்தர முன்னாடி போவச் சொல்லு, ஒருத்தரப் பின்னாடி வரச் சொல்லு. ரெண்டு பக்கமும் வந்தாத்தான் திருடி மாதிரி தெரியும். வெயிலா இருந்தாலும் புள்ள மூஞ்ச மூடாத. தொறந்து வெச்சா உன் ஜாட தெரியும், புடுங்க வரமாட்டாங்க.”

முத்துலட்சுமி ஒவ்வொன்றையும் மெள்ளத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

“வேற இன்னாக்கா?”

“கெளம்புற அன்னிக்கு உங்கம்மாவ வாசலுக்கு வரவிடாத” என்றாள் ஜஹீதா.